எழுபத்தைந்து, நாற்பது

எழுத்துக்கூட்டினால் கெய்க்லி.
ஊர்க்காரர் வாயில் கீத்லி.
வந்த புதிதில் பேருந்து ஓட்டுநர் திருத்தினார்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.
அன்றிலிருந்து எனக்குத்
தாளில் இருப்பதன் மேல் ஒரு சின்னச் சந்தேகம்.
பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது. பள்ளி திறக்க ஆறு நாள்.
பெருங்கூடத்துத் தரையில் வார்னிஷ் வாசம்.
ஒப்பந்தக்காரர் பிரஸ்காட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
"கூரை எங்கள் வேலையில் இல்லை" என்றார்.
உண்மைதான். அவர் வேலை
தரை, விளக்கு, கழிப்பறைக் கதவு.
கூரை யார் வேலையிலும் இல்லை.

ஏணியில் ஏறி, உட்கூரைத் தகட்டை நகர்த்தித்
தலையை உள்ளே விட்டேன்.
டார்ச் வெளிச்சத்தில்
காற்றடைத்த கான்கிரீட் பலகைகள், உள்ளெல்லாம் குமிழி,
சுவர் விளிம்பில் உட்கார்ந்திருந்தன.
எழுபத்தைந்து மில்லிமீட்டர் இடம் என்கிறது வரைபடம்.
நாற்பது என்கிறது என் அளவுகோல்.
கூட்ட நெரிசலில் இருக்கை ஓரத்தில்
பாதித் தொடையில் தொற்றிக்கொண்டு
ஐம்பது வருடப் பயணம்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன்.
தேநீரில் நனைந்த ரஸ்க்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே சித்திரங்கள்தான் சுவரை மறைத்திருந்தன.
போன பருவத்தில் ஒட்டியவை:
ஊதா நிறக் குதிரை, ஆறு கால் திமிங்கிலம்,
"என் தம்பி" என்ற தலைப்பில் ஓர் உருளைக்கிழங்கு.
ஒவ்வொன்றாகக் கழற்றி
வரிசை மாறாமல் மேடையில் அடுக்கினேன்.
தம்பிக்குப் பின்னால் விரிசல் இருந்தது.

விரிசலின் நுனியில் பென்சில் கோடு. அதற்கு மேல் இன்னொன்று.
ஒவ்வொன்றிலும் தேதி, சின்னதாய், நேராய்.
நவம்பர் பன்னிரண்டு. ஜனவரி மூன்று.
பிப்ரவரி, பெருமழைக்கு மறுநாள்.
பிள்ளையை நிலைக்கதவில் நிறுத்தி
உயரம் குறிப்பதைப் போல.

"நான்தான்" என்றார் பராமரிப்பாளர் அக்ராய்ட்,
கையில் வாளியோடு.
சுவரில் எழுதியதற்குத் திட்டு விழும் என்ற முகம்.
மூன்று மின்னஞ்சல் அனுப்பினாராம்.
மூன்றுக்கும் ஒரே பதில்: கவனத்தில் கொள்ளப்பட்டது.

கூடத்தை மூடினேன்.
மறுநாள் வாசலில் பெற்றோர்.
தோளில் உறங்கும் குழந்தையோடு ஒரு தாய்:
"ஐம்பது வருஷம் விழாத கூரை
நீ பார்த்ததும் விழுந்துவிடுமா?"
அதற்கு என்னிடம் எண் இல்லை.
விழுந்தால் நான் சொன்னது சரி.
விழாவிட்டால் வீண் செலவு.
வீண் செலவாகவே போகட்டும் என்று
இருபது வருடமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்,
கூரை கூரையாக.

தலைமையாசிரியை மிர்ஸா மட்டும் கேட்டார்:
"மதியச் சாப்பாட்டை எங்கே போடுவது?"
அந்த வாரத்தின் ஒரே நல்ல கேள்வி.
வகுப்பறை மேசைகளை எண்ணிக்கொண்டு நடந்தோம்,
வெளிச்சம் போகும்வரை.

அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம்:
குறையை முதலில் கண்டறிந்தவர்.
என் பெயர் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
அடித்துவிட்டு அக்ராய்ட் என்று எழுதினேன்,
அவருடைய நவம்பரோடு.

கவுன்சிலிலிருந்து அழைப்பு வந்தது.
மரியாதையான குரல். ஊர்ப்பெயரை
எழுத்துக்கூட்டிச் சொன்னது.
அந்த நவம்பர் அறிக்கையில் அவசியமா, என்று கேட்டது.

சுவரில் இருக்கிறது, என்றேன்.