பாதி உப்பு

அம்மாப்பேட்டையில் மாலை ஐந்தரைக்கு
என் வண்டி வந்து நிற்கும்.
தட்டுவடை செட்டு. பத்தொன்பது வருஷம்.
கீழே ஒன்று, மேலே ஒன்று,
நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம்,
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி.
கை தன்பாட்டுக்குச் செய்யும்.
வாய், பூக்கடை கதிர்வேலோடு அரசியல் பேசும்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்
தாடையில் வலி.
பல்வலி என்றுதான் நினைத்தேன்.
கிராம்பைக் கடித்துக்கொண்டு
இன்னும் மூன்று செட்டு போட்டேன்.
மூன்றாவதை வாங்கியவர்
என் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதைப் பார்த்து
ஆட்டோவை மறித்தார்.
காசு கொடுத்தாரா என்பது இன்றுவரை தெரியாது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
பேனா ஸ்பிரிங்கில் பாதிகூட இல்லையாம்.
"உப்பு பாதி. எண்ணெய் பாதி. சோறும் பாதி.
பீடிக்கு மட்டும் பாதி கிடையாது, முழுசா விடணும்"
என்ற டாக்டர், சீட்டில் எழுதப் பெயர் கேட்டார்.
அர்த்தநாரி என்றேன்.
பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை நான்.
ஆண் பாதி, பெண் பாதி.
இந்திராணி அன்றிரவு கட்டிலோரம் உட்கார்ந்து
கணக்குச் சொன்னாள்:
அம்மன் இருப்பது இடப்பக்கம்.
நெஞ்சு அடிப்பதும் இடப்பக்கம்.
"அப்ப அது எம் பங்கு.
எம் பங்குல எதுக்குப் புகை விட்டீங்க?"
இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக
எனக்கு மறுபேச்சு வரவில்லை.

அதன்பின் வீட்டில்
உப்பு ஜாடி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.
அரிசி டின்னுக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால்,
ஒருமுறை ஹெல்மெட்டுக்குள்.
முதல் வாரம் ரசம் வெந்நீராக இருந்தது.
இரண்டாம் வாரம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.
ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ
தக்காளிக்கென்று தனியாக ஒரு ருசி இருப்பது
நாக்குக்குத் தெரிந்தது.
அவளிடம் சொல்லவில்லை.

பத்து மணிக்கு விளக்கணைத்துவிடுகிறாள்.
விடிகாலையில் குமரகிரிப் படி ஏறுகிறேன்.
சாமிக்காக என்று சொன்னால் பொய்.
முதல் நாள் பதினாலாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்;
என்னை முந்திப் போன நாய் ஒன்று
நின்று திரும்பிப் பார்த்தது.
இப்போது மேலே போய்விடுகிறேன்.
வடக்கே சேர்வராயன், தலையில் மேகமூட்டையோடு.
கீழே தெருத்தெருவாகத் தறி ஓடுகிறது, தடக் தடக்.
கேட்பது தறியா நெஞ்சா என்று பிரிக்க
கொஞ்ச நேரம் மூச்சு வாங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

பீடியைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.
விரல் இன்னும் காதோரம் தேடுகிறது. அவ்வளவுதான்.

வண்டியை விட முடியாது, கடன் இருக்கிறது.
தின்னக் கூடாததைத்தான் விற்கிறேன்.
ஏழு மணிக்குப் பசிக்கும்.
தட்டுவடை இரண்டையும் விட்டுவிட்டு
நடுவில் வைப்பதை மட்டும் கிண்ணத்தில் அள்ளி
எலுமிச்சை பிழிந்து தின்கிறேன்.
தறிக்கார முனிரத்தினம் பார்த்துவிட்டார்.
"என்னய்யா அது? எனக்கும் ஒண்ணு போடு."
"விக்கிறதுக்கில்லீங்க."
"பின்ன, வேடிக்கை பாக்கவா?"
விலை தெரியாமல் பத்து ரூபாய் வாங்கினேன்.
இப்போது தினம் ஏழெட்டுப் பேர் கேட்கிறார்கள்.
பாதி செட்டு என்று அவர்களே பெயர் வைத்தார்கள்.

மற்ற எல்லோருக்கும் முழு செட்டுதான்.
மொறுமொறு என்று கடிக்கிறார்கள்,
காரம் தூக்கலா என்கிறார்கள்.
அவர்களுக்கு நான் என்ன சொல்ல?
யாராவது சாப்பிட்டுக்கொண்டே தாடையைத் தடவினால்
என் கை நின்றுவிடுகிறது.
வண்டியைச் சுற்றி வந்து
அவர் முதுகைப் பார்க்கிறேன்,
சட்டை நனைந்திருக்கிறதா என்று.