கிணத்துச்சண்டை_9

செக்காலை ரோட்டில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
ஆவண எழுத்தர் தேனப்பன் அலுவலகம்.
தட்டச்சு நான், சகாயராணி.

மாசியில் வந்தது
பள்ளத்தூர் வீட்டுப் பாகப்பிரிவினை.
விலாசம் கரு.சித.வெ.
பங்கு பதினேழு புள்ளி.
புள்ளி என்றால் அவர்கள் கணக்கில் ஒரு குடும்பம்.
என் கணக்கில்
ஃபைல் பெயருக்கும் டாக்எக்ஸுக்கும் நடுவே
வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பது.

முதல் நகல் ஈப்போ போனது.
ஈப்போ ஒரு கமாவை எடுத்தது.
கோயம்புத்தூர் ஒரு நிலைக்கதவைச் சேர்த்தது.
நியூஜெர்சி, இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு,
'பொதுவில்' என்ற சொல்லுக்கு மஞ்சள் பூசித் திருப்பியது.
பாகம்_திருத்தியது.
பாகம்_கடைசி.
பாகம்_கடைசி_2.
பாகம்_இதுதான்_கடைசி_சத்தியமா.
இதெல்லாம் அவர்களுக்கு அனுப்பும் பிடிஎஃப்புக்கு
நான் சூட்டிய மரியாதைப் பெயர்கள்.
மூலத்தை நான் கூப்பிடுவது வேறு.

பங்குனி முதல் ஞாயிறு
ஜமுக்காளம் விரித்துக் கூட்டம்.
சார் வாசித்தார்:
"இனம் பதினாலு, பின்கட்டுக் கிணறு..."
கிழக்குப் பங்குக்கு என்றது ஒரு தாள்.
பொதுவில் என்றது இன்னொரு தாள்.
சிகப்பியின் தாளில் கிணறே இல்லை.
ஒரே எழுத்துரு, ஒரே வரி இடைவெளி,
எது எந்தத் தேதியில் பிறந்ததென்று
எந்த முகத்திலும் எழுதியிருக்கவில்லை.
மூன்று மணிநேரம்
மூன்று கிணறுகளுக்காகச் சண்டை போட்டார்கள்.

காபி வந்தது.
எதிரே இருந்தவர் அண்ணாந்து குடிக்கையில்
டம்ளரின் அடி தெரிந்தது.
கரு.சித.வெ. என்று வெட்டியிருந்தது.
இருநூறு டம்ளர் கலந்து கிடந்தாலும்
கவிழ்த்துப் பார்த்தால் போதும்.
தாளுக்கும் ஓர் அடி இருக்கிறதே
என்று நினைத்துக்கொண்டே என் காபியை ஆறவிட்டேன்.

திங்கட்கிழமை. இன்செர்ட். ஃபுட்டர். ஃபைல்நேம்.
பாதையும் வேண்டுமா என்றது பெட்டி.
வேண்டாம்.
டி டிரைவில் 'சனியன்கள்' என்றொரு ஃபோல்டர் வழியாகத்தான்
அந்தப் பாதை போகிறது.
எட்டு பாயிண்ட், சாம்பல் நிறம், வலது ஓரம்.
பக்கம் முப்பத்தொன்றிலும் ஒரே நொடியில் வந்து நின்றது.
பார்த்தேன்.
மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.
"ஈப்போல பொழுது எறங்குதும்மா" என்றார் சார்.
பிடிஎஃப்புக்கு நல்ல பெயர் வைத்து அனுப்பிவிட்டேன்.
ஃபுட்டருக்கு அந்த நல்ல பெயர் தெரியாது.
பெற்றவள் கூப்பிடும் பெயர்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு.
நாச்சியப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
"அதென்ன, அடியில பொடியா?"
யாரும் பேசவில்லை.
"கிணத்துச்சண்டை ஏழு" என்றார், அவரே.
"எனக்கும் ஏழு."
"இங்கயும் ஏழுதான்."
தூணில் சாய்த்து வைத்திருந்த ஃபோனுக்குள்ளிருந்து
ஈப்போ, கொஞ்சம் தாமதமாக:
"ஏழு."
சார் என்னைப் பார்த்த பார்வைக்கு
என்னிடம் எழுத்துரு இல்லை.

சிகப்பிதான் சிரித்தாள்.
"அப்ப ஆறு சண்டைய முடிச்சிட்டமாக்கும்!
எல்லாருக்கும் ஏழுதானே? சரி,
பதினால வாசிங்க."

கிணறு பொதுவில் போனது.
அன்றைக்கு இல்லை. ஒன்பதில்.

முத்திரைத்தாளில் ஏற்றும்போது
"அடியில ஒண்ணும் இருக்கப்படாது" என்றார் சார்.
டெலீட் தட்டினேன்.
அந்த வெற்று ஓரத்தில்
பக்கத்துக்குப் பக்கம் பதினேழு கையெழுத்து.
இடம் போதாமல் சில மார்ஜினில் ஏறின,
ஒன்று பதினாலாம் இனத்தின் கடைசிச் சொல்லை
மிதித்துக்கொண்டு நின்றது.

மூலத்தின் பெயரை மாற்றிவிடச் சொன்னார்.
சரி சார் என்றேன். மாற்றவில்லை.
ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றினேன்.
என்னவென்று கேட்காதீர்கள்,
பாதையை நான் அச்சிடுவதில்லை.