மைதாப் பசை

திருப்பாதிரிப்புலியூர், ரயிலடிக்குப் பின்சந்து.
பைண்டிங் கடை என்னுடையதுதான்;
பலகையில் மட்டும் இன்னும் வீட்டுக்காரர் பெயர்.

மஞ்சக்குப்பத்திலிருந்து தண்டபாணி கொண்டுவந்தார்
முதுகு போன சமையல் புத்தகம் ஒன்றை.
விலை பன்னிரண்டணா. உள்ளட்டையில் பென்சிலில்
அபயாம்பாள், புதுப்பாளையம்.
"பரண்ல கெடந்துது. அதிரசம் வரைக்கும் போதும்.
கடைசில பொம்பளைங்க சமாச்சாரம்,
அதைக் கழட்டிடுங்க.
பொண்ணு கல்யாணத்துக்குக் குடுக்கப் போறேன்."

சரி என்றேன்.
தலையாட்டினால்தான் கூலி.

நூலறுத்துப் பிரித்தேன்.
கேசரியில் ஒரு பொட்டு நெய்கூட இல்லை.
மைசூர்பாகு புத்தம் புதிது.
சோப்புக் காய்ச்ச, மூட்டைப்பூச்சிக்கு, பட்டில் மைக்கறைக்கு,
அதற்கும் பின்னால்
'ஸ்திரீகளுக்கு மட்டும்', பதினாறு பக்கம்.
பழைய லை தும்பிக்கை தூக்கி நிற்கிறது.

இங்கேதான் அவள் குடியிருந்திருக்கிறாள்.
மஞ்சள் விரல். விளக்கெண்ணெய் வட்டம்.
சூதகவலிக்குச் சதகுப்பை,
பால் கட்டினால் மல்லிகைப்பூ,
பெரும்பாட்டுக்கு மாசிக்காய் வராகனெடை.
ஓரத்தில் அவள் கையெழுத்து:
ஆனி 12, கேட்கவில்லை.
ஆடி 9, கேட்டது. இரண்டு நாள்.

நூற்றெண்பத்தேழில்
சூதகத் தடைக்கு ஒரு கஷாயம்.
அடியில் பொடியெழுத்து:
கர்ப்பவதிகள் இதைத் தொடலாகாது.
தொடலாகாது என்பதன் கீழே
பென்சில் இரண்டு முறை ஓடியிருக்கிறது,
மறுபக்கம் புடைக்கும்படி.
எச்சரிக்கை என்று படித்தவள் இருப்பாள்.
விலாசம் என்று படித்தவளும்.
அபயாம்பாள் எவளென்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் பெரியாஸ்பத்திரி வரிசையில்
எழுபது நாள் உதிரத்தைப்
பின்னால் நிற்பவர் காதில் விழாமல்
நர்சிடம் விரல்களால் சொன்னேன்.
பத்து விரல், ஏழு முறை.
நடுவில் அவள் எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து.

பதினாறையும் சேர்த்தே தைத்தேன்.
வெளியோரங்களில் மைதாப் பசை, மெல்லிசாக,
எல்லாம் ஒரே தடித்த தாள் போல.
துத்தம் கலந்தது, பூச்சி தொடாது.

தண்டபாணி தூக்கிப் பார்த்தார்.
"கனமா இருக்கே?"
"அட்டை நல்ல அட்டைங்க."
நூற்றெண்பது ரூபாய். பத்து குறைத்துக்கொண்டார்.

என்றைக்காவது அந்தப் பெண்
சோறு வடிக்கிற மேடையில்
இதைத் திறந்து வைப்பாள்.
ஆவிக்கு என் பசை தாங்காது.