முப்பத்தொன்றாம் முளை

திசையன்விளை தாண்டி, உவரிச் சாலைக்குத் தெற்கே
ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு நான்கு கால் ஊன்ற
இடம் பார்க்க வந்திருக்கிறோம்.
இரண்டு மீட்டருக்கு ஒன்றாக
நாற்பத்தெட்டு எஃகு முளைகள்.

தேரி மண் காய்ந்து கிடக்கிறது.
மின்சாரம் உள்ளே இறங்க மாட்டேனென்கிறது.
ஒவ்வொரு முளையின் காலடியிலும்
உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிறாள் பியூலா.
"உப்பை ஊத்தி என்னத்தட்டி முளைக்க வைக்கிய?"
சைக்கிளை நிறுத்தாமலே கேட்டுப் போனாள்
பீடிக்கட்டுக்காரி.

பெட்டி டொக், டொக் என்கிறது.
ஒரு முளையில் கேள்வி, இன்னொன்றில் பதில்,
நடுவே நாங்கள் பார்க்காத எட்டு மீட்டர்.

இங்கே குளம் மறுகால் பாய்ந்து யாரும் கண்டதில்லை.
ஐப்பசியில் நிறையும், ஒரு வாரத்தில் தரை தெரியும்.
தண்ணீர் எங்கே போகிறதென்று கேட்டால்
"அதுக்குப் போக்கிடம் தெரியும்" என்பார்கள்.
மண்ணில் இறங்கும்போது மழை
லேசாகப் புளித்துக்கொள்கிறது.
அந்தப் புளிப்பு போதும் சுண்ணாம்புப் பாறைக்கு.
அவசரமே இல்லாத வாய்.

மாலையில் மடிக்கணினியில் படம் விரிந்தது.
முப்பத்தொன்றாம் முளைக்குக் கீழே, ஆறு மீட்டரில்
சிவப்பாக ஒரு திட்டு,
கொப்புளம் மாதிரி.
காண்டிராக்டர் தங்கப்பழம் என் தோளுக்கு மேலே குனிந்தார்.
"ஓட்டையா, இல்லையா? ஒரே வார்த்தையிலே சொல்லுங்க."

சொல்ல முடியாது.
காற்றும் மின்சாரத்தை மறுக்கும்,
விரிசலில்லாத கெட்டிப் பாறையும் மறுக்கும்.
படத்தில் இரண்டுக்கும் ஒரே சிவப்பு.
தொட்டி உட்கார ஆகச் சிறந்த இடமும்
ஆக மோசமான இடமும்
எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.

அதனால் மறுநாள் சம்மட்டி.
சுயம்புலிங்கம் பத்துக் கிலோவை ஓங்கி
இரும்புத் தகட்டில் இறக்குகிறான்.
வரிசையாய்க் குத்திய காதுகள் கேட்கின்றன.
ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது.
இருநூறு குளம்புகளும் திரையில் ஓடின.
"அண்ணாச்சி, கொஞ்சம் வெரசா பத்துங்க."
பிறகு மினிபஸ். பிறகு கடல்காற்று.
ஒரு அடிக்குப் பதிலாகப் பதினைந்து அடி,
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால்
சத்தம் தேய்ந்து சேதி நிற்கும்.

முப்பத்தொன்றில் சேதி தாமதமாக வந்தது.
சுற்றிவர நேர்ந்தவன் வருகிறாற்போல.

"துளை போட்டுப் பாத்துருவோம்" என்றார் தங்கப்பழம்,
நான் தப்பு என்று நிரூபிக்கும் ஆசையோடு.
நாலு மீட்டர் வரை பாறை முனகியது.
ஐந்தில் ஊற்றிய தண்ணீர் திரும்பி வரவில்லை.
ஐந்தே முக்காலில் கம்பி
யாரும் அழுத்தாமல்
ஒன்றேகால் மீட்டர் தானாக இறங்கியது.

யாரும் பேசவில்லை.
சுயம்புலிங்கம் உள்ளங்கையைத் துளைமேல் வைத்தான்.
"குளுகுளுன்னு வருது, மேடம்."
சித்திரை வெயிலில் வரிசையாக நின்று
ஆளுக்கொரு தரம் கை நீட்டினோம்.
தங்கப்பழம் கடைசியில் வந்தார்,
கையை எடுக்க நேரமானது.

அறிக்கையில் எழுதினேன்:
மூன்றாம் கால் வேண்டாம். முழுத் தொட்டியையும்
பதினெட்டு மீட்டர் கிழக்கே தள்ளுக.
அந்த இடம் யாருடைய முருங்கைத் தோட்டமோ;
அதற்கு வேறு துறை, வேறு கோப்பு.

இன்னொரு வரி எழுதி, அடித்து,
மறுபடியும் எழுதினேன்:
இவ்வாய்வு நாங்கள் நடந்த கோட்டுக்கு மட்டும் பொருந்தும்.

நாற்பத்தெட்டாம் முளையைப் பிடுங்கியபோது
அங்கே கிழக்கு ஓரத்தில்
படம் முடிகிற இடத்தில்
சிவப்பு மறுபடி தொடங்குவதுபோல் இருந்தது.
அது ஓரத்தின் கோளாறாகவும் இருக்கலாம்.
ஓரங்களை நம்பக் கூடாது என்பது பாடம்.

பியூலா வடத்தைச் சுருட்டுகிறாள்.
"இன்னும் உப்பு இருக்காட்டி?" என்று கேட்கிறேன்.
"அரைக் குடம் இருக்கு."