நாலு எட்டு

ஏணியடியைப் பிடிக்கிறதுதான் எனக்கு வேலை.
அறுநூறு ரூபாய்க்கு அதோடு
பட்டி கலக்கணும், ரோலர் அலசணும்,
சிந்தினதைச் சாக்குல துடைக்கணும்.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் தாண்டி மூணாவது வளைவு,
துபாய்க்காரர் வீடு.
ரெண்டு ஏணியைக் கயித்துல சேர்த்துக் கட்டி
இருபத்திரண்டு அடி உயரத்துல
சன்ஷேடுக்கு அடியில ஐவரி அடிச்சிட்டிருந்தாரு
திருமூர்த்தியண்ணன்.

மாடித் தொட்டி நிறைஞ்சு வழிஞ்சுது.
மோட்டாரை நிறுத்தச் சொல்லி
ஜன்னல்ல இருந்து வீட்டம்மா மலையாளத்துல கத்துனாங்க.
சுவிட்ச் நாலு எட்டுல.
போயிட்டு வந்துரலாம்னு
தோணுற தூரம்.

முதல்ல ஏணிச் சத்தம்.
அப்புறம் வாளி.
அண்ணனோட சத்தம் கேக்கவே இல்லை.
புது டைல்ஸ். மேல ஒட்டுன பிளாஸ்டிக்கைக்கூட
இன்னும் உரிக்கலை.

ஷாஜி மேஸ்திரி யாருக்கோ போன் போட்டாரு.
கார்டு தமிழ்நாட்டு கார்டு, விழுந்தது கேரளா,
சித்தூரா பொள்ளாச்சியான்னு
இஞ்சினை ஓடவிட்டே பேசினாங்க.
பின்சீட்டுல மடக்கி வச்சாங்க.
(அப்படித் தூக்கியிருக்கக் கூடாதுன்னு
பிற்பாடு டாக்டர் திட்டினாரு, என்னைத்தான்.)
செக்போஸ்டுல மாட்டுத்தீவன லாரிக்குப் பின்னால நின்னோம்.
என் மடியில அவர் தலை,
காதுமடல் பூரா ஐவரி.

"சொந்த வீட்ல வழுக்கி விழுந்தார்"னு
சீட்டுல எழுதினாங்க.
இருபது வருசமா வாடகை வீடு அவருக்கு.
எழுதினவரு நிமிர்ந்து, நீங்க யாருன்னாரு.
நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மேஸ்திரி,
"சொந்தக்காரங்க."

ஒன்பதாம் நாள் பேசினாரு.
தெய்வாத்தாக்கா சாத்துக்குடி பிழிஞ்சிட்டிருந்தாங்க.
இடுப்புக்குக் கீழ போர்வை
போர்த்தின மாதிரியே கெடந்துது.
என்னைப் பாத்துக் கேட்டாரு:
"மோட்டாரை அணைச்சியா?"

கேலியா, கோபமா,
நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாரா,
இன்னைக்கு வரைக்கும் புரியலை.
அணைச்சேன்னு சொன்னேன்.

அணைக்கலை.
ரெண்டு எட்டுலயே திரும்பிட்டேன்.
கரண்ட் போற வரைக்கும்
வழிஞ்சிட்டே இருந்துச்சாம்.

அதே ஏணி இப்போ கொழிஞ்சாம்பாறையில,
பேங்க் கட்டடத்துல சாஞ்சிருக்கு.
கயிறு மட்டும் புதுசு.
மேல ஒரு பீகார் பையன்,
பேரு ரெண்டு தடவை சொன்னான், வாயில நுழையலை.
கீழிருந்து ரெண்டாம் படியில
காஞ்ச ஐவரி, என் கட்டைவிரல் படுற இடம்.
மேனேஜர் டீ வாங்கிட்டு வரச் சொல்றாரு.
ரெண்டாவது தடவையும் சொல்லிட்டாரு.
காது கேக்காத மாதிரி
பிடிச்சிட்டு நிக்கிறேன்.