முப்பது புள்ளி ஐந்து

கூத்தன்குழியிலிருந்து மினிபஸ்ஸில் வந்தது பேட்டரி,
மீன்கூடைக்குள், ஈரச்சாக்கு சுற்றி.
மரிய புஷ்பம் இறக்கிவைத்துவிட்டு
முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
"நாகர்கோயில்ல செத்துட்டுன்னு சொல்லிட்டாவ பிள்ள.
புதுசு இருபத்திரெண்டாயிரமாம்."

தை மாசம் பாறையில் வழுக்கிக் கால் ஒடிந்தது.
வண்டி சுவரோரம் நின்றது. இது ஆனி.

சார்ஜ் போடும் வாயைத் திறந்தேன்,
உள்ளே ஒரு செதில்.
ஊக்கால் கெல்லி எடுத்து நீட்டினேன்.
"வெளமீனு" என்றாள், யோசிக்கவே இல்லை.
இதுதான் கோளாறாக இருக்கட்டுமே என்று
ஒரு நிமிஷம் ரெண்டு பேருக்கும் ஆசை.
சார்ஜரைச் செருகினேன். பச்சை விளக்கு.
நிறைந்துவிட்டால் எரியுமே, அதே பச்சை.

மூடிக்குப் பதினாலு திருகாணி.
உப்புக்காற்றில் ஒன்று தலை உடைந்து கையோடு வந்தது.
மீட்டர் முள்ளை இரு முனையிலும் வைத்தேன்:
முப்பது புள்ளி ஐந்து.
ஐம்பத்துநாலு இருக்கவேண்டிய இடத்தில்.

பதிமூன்று கட்டு. ஒவ்வொன்றாய்த் தொட்டேன்.
ரெண்டு நாலு. ரெண்டு ஐந்து. ரெண்டு நாலு.
பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொண்டே போனேன்.
ஒன்பதாவது: ஒன்று புள்ளி ஒன்று.
முள்ளைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
ஒன்று புள்ளி ஒன்றுதான்.

"சாகலக்கா. உள்ள இருக்க அட்டை வாசலச் சாத்திட்டு.
சாத்தினதும் சரிதான்.
ஆனா அது முழிச்சிருக்கணும்லா,
அஞ்சு மாசமா மிச்சத்தைச் சொட்டுச் சொட்டா
அதுதான் குடிச்சிருக்கு."
"காவக்காரனுக்குச் சாப்பாடும் அதுலதானா" என்று
சிரித்தாள், முட்டியைத் தடவியபடி.

ராத்திரி, கடைக்கு வெளியே, சிமெண்டுத் தரையில்.
பக்கத்தில் ஒரு வாளி தேரிமணல்.
கால் ஆம்பியர். அதற்குமேல் ஒரு இழை கூடாது.
இதில் தூங்கிப்போனவன் ஒருவனின் கடையை
வள்ளியூரில் கரியாகப் பார்த்திருக்கிறேன்.
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்
பதிமூன்றின்மேலும் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு இல்லை. இல்லை. இல்லை.
ரெண்டு ஆறு. ரெண்டு ஏழு.

ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது.
ராதாபுரத்தைச் சுற்றி அத்தனை காத்தாடியும்
ஆனிக்காற்றில் விசிறிக்கொண்டு நிற்க
என் கடையில் மட்டும் இருட்டு.
முந்தி அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள் நான்.
அங்கிருந்த எவனையாவது எழுப்பித்
திட்டவேண்டும் போலிருந்தது.
கொசுவை அடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

விடியும்போது பன்னிரண்டு கட்டு மூன்றைத் தாண்டியிருந்தன.
ஒன்பதாவதும் ரெண்டு ஏழு வரை வந்தது.
வயரைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது ஒன்று ஆறு.

வெட்டித்தான் எடுத்தேன்.
பழைய பேட்டரி ஒன்றிலிருந்து சுமாரான நாலு செல்லைத் தேர்ந்து
நிக்கல் பட்டை வைத்து ஒட்டினேன்.
இப்போது சார்ஜரைப் போட்டால் சிவப்பு.
மரிய புஷ்பம் குனிந்து பார்த்தாள்.
"செவப்புன்னா நல்லதா?"
"நல்லதுதான்க்கா. ஆனா பழைய அம்பதைக் கேக்காதிய.
முப்பது ஓடும். ஓட்டாட்டாலும் மாசம் ஒருக்கா
பாதியாவது ஏத்தி வைங்க."

விரலை மடக்கி ஊர்களை எண்ணினாள்.
"அப்போ திசையன்விளை கிடையாது.
இடையன்குடியோட திரும்பணும்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அங்க ஒரு டீச்சர் வீடு. வாரம் ஒரு சீலா வாங்கும்" என்றாள்,
யாரிடமோ சொல்வதுபோல்.

ரெண்டாயிரத்து நானூறு. ஆயிரம் இன்று,
மிச்சம் கடலில் படகு ஒழுங்காய்ப் போனபிறகு.

வெட்டியெடுத்த நாலும் வாளி மணலில் கிடந்தன.
எதற்கென்று தெரியவில்லை,
வியாழக்கிழமை தோண்டி எடுத்து அளந்தேன்.
புள்ளி ஒன்பது.
காலண்டர் தாளில் அதையும் எழுதிவைத்தேன்.