நாற்பத்திரண்டாவது கடிதம்

மூன்று மணிக்கு டாக்டர் பெவிலாக்வா
தாளை என் மேஜையில் வைத்தார்.
டொல்மெட்ஸோ ஆஸ்பத்திரி டாக்டரும்
அதில் ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார்.
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

நான் ஆணி விற்பவள்.
ஆணி, தாழ்ப்பாள், பனி வாரும் மண்வெட்டி.
ஃப்ரியூலி மலையில் எண்ணூறு பேர் வாழும் ஊருக்கு
பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் மேயர்.
ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து பெயர்த்தெடுக்க
வைத்தியர் சொல் மட்டும் போதாது,
ஊர் சார்பில் ஒருவர் கை நடுங்க வேண்டும்
என்று சட்டம் எழுதியவர்கள்
ஆணிக் கடைக்காரியை நினைத்திருக்க மாட்டார்கள்.
நினைத்துத்தான் எழுதினார்களோ என்னவோ.

எர்மெதே கதவை உள்ளிருந்து அறைந்துகொண்டான்.
பத்து சென்டிமீட்டர் ஆணி, ஒன்றரைக் கிலோ.
திங்களன்று என்னிடம்தான் வாங்கினான்.
சில்லறை சரியாக இருந்தது.
என்ன வேலை என்றேன்.
காற்று, என்றான்.

சாப்பிட்டுப் பதினோரு நாள் என்கிறது தாள்.
ரொட்டிக்குள் யாரோ அவன் பெயரை எழுதுகிறார்களாம்.
குழாயைத் திறந்தால்
தண்ணீருக்கு முன்னால் அந்தப் பெயர் ஒழுகுகிறதாம்.

என் இழுப்பறையில் அவன் கடிதங்கள் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றிலும் பதினாறு யூரோ முத்திரை வில்லை,
ஓரம் பிசகாமல் ஒட்டியது.
இருபத்தாறு வருஷம் நிலம் அளந்தவன்,
கோணலைப் பொறுக்க மாட்டான்.
கோயில் மணி தன்னை உளவு பார்க்கிறது என்று நாற்பது.
கல்லறைத் தோட்டத்துச் சுவர்
தெற்கே மூன்று விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று
ஒன்றே ஒன்று.
மார்ச்சில் சுவர் விழுந்தது.
அதற்கும் நான் பதில் போடவில்லை.

கையெழுத்திட்டேன்.

மேயர் நேரில் போக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை.
போனேன், கடையிலிருந்து கடப்பாரையோடு.
அந்த ஆணிகளின் பிடி எனக்குத்தான் தெரியும்.
நகராட்சிக் காவலன் லோரிஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி மாதிரி கத்திக்கொண்டு வந்தது.

உள்ளே குளிர்.
தாள் இருக்கிறதா, என்றான்.
நின்றபடியே இரண்டு முறை படித்தான்.
என் வீட்டு எண் பதினான்கு இல்லை, பதினான்கு-அ,
என்று பென்சிலால் திருத்தித் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு ஊசியைப் பார்த்துவிட்டான்.
அதை எழுத மாட்டேன்.
லோரிஸின் தொப்பி படியில் உருண்டது,
கடைசிப் படிவரை உருண்டது,
அவ்வளவுதான்.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நீதிபதிக்கு அனுப்பினேன்.
நீதிபதி உறுதி செய்தார்.
எல்லாம் முறைப்படி.
முறை என்ற சொல்லை அன்றிரவு
பல் தேய்த்தும் கொப்பளித்துத் துப்ப முடியவில்லை.

நான்காம் நாள் வார்டிலிருந்து கடிதம் வந்தது.
கையெழுத்து கொஞ்சம் வழிந்திருக்கிறது,
மருந்து வரியைக் கீழே இழுக்கிறது.
முத்திரை வில்லை மட்டும் நேர்.
யாரிடம் கடன் வாங்கினானோ.

'மதிப்பிற்குரிய மேயருக்கு:
தங்கள் உத்தரவை ரத்து செய்யக் கோருகிறேன்.
யாரும் கோரலாம் என்கிறது சட்டம்.
நானும் யாரோதான்.
தாங்கள் முடிவு சொல்லப் பத்து நாள் அவகாசம்.
தங்கள் உத்தரவின் ஆயுளோ ஏழு நாள்.
இந்தக் கணக்கை அளந்தவர்
சங்கிலியின் எந்த முனையைப் பிடித்திருந்தார்
என்று அறிய விரும்புகிறேன்.
இங்கே சூப் சாப்பிட்டேன்.
அதில் பெயர் எதுவும் இல்லை, உப்பும் இல்லை.
என் கதவை யார் மூடினார்கள்?'

யாரும் மூடவில்லை.

கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.
பனி கூடம்வரை வந்திருந்தது.
வாரினேன்.
பிடுங்கிய ஆணிகளில் நிமிர்த்த முடிந்தவற்றை நிமிர்த்தி
ஒரு டப்பாவில் போட்டு
அவன் அடுப்பின் மேல் வைத்தேன்.
உடனே மீண்டும் எடுத்துக்கொண்டேன்.
மீண்டும் வைத்தேன்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது.
பெவிலாக்வா நீட்டிக்கச் சொல்வாரா, தெரியாது.
சொன்னால் நான் என்ன செய்வேன், தெரியாது.
இரவு பதினொன்றுக்கு நகராட்சித் தாளை எடுத்து
'திரு. எர்மெதே, எண் பதினான்கு-அ' என்று தொடங்குகிறேன்.
முதலில் சுவரைப் பற்றி.